யார் ரோடு இது? விர்ஜீனியாவில் ஒரு பழைய கணக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் காபியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தபோது நடந்தது. விர்ஜீனியா மாநிலம். வீட்டு வாசலைத் தாண்டியதும் ரோட்டில் ஒரு குழி. மழை பெய்தால் வாளித் தண்ணீர் நிற்கும். மருமகன் கவுண்டி அலுவலகத்துக்குப் போன் செய்தார். பேசிவிட்டு வந்து சிரித்தார்.

"மாமா, அது அவங்க ரோடு இல்லையாம். மாநில அரசு ரோடாம்."

"என்ன மாப்பிள்ளை, தெருவுக்குள்ள இருக்கிற ரோடு கூடவா?"

"எல்லாமே தானாம்."

கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த சபை உண்டு. வீட்டுவரி வாங்கும், பள்ளிக்கூடம் நடத்தும், எங்கே வீடு கட்டலாம் எங்கே கடை வைக்கலாம் என்று அதுதான் தீர்மானிக்கும். ரோடு மட்டும் அதனுடையது இல்லை. முப்பது வருஷம் வரலாறு நடத்தியவனுக்கு இது போதாதா? தோண்ட ஆரம்பித்துவிட்டேன்.

1932-இல் போய் நின்றது. அந்த வருஷம் விர்ஜீனியாவில் ஒரு சட்டம் வந்தது. பேர்டு சாலைச் சட்டம் என்பார்கள். பெரும் பொருளாதார மந்தக் காலம். விவசாயிகளால் நிலவரி கட்ட முடியவில்லை, அந்த வரியில்தான் கவுண்டிகள் ரோடு போட்டுக்கொண்டிருந்தன. சரி, உங்கள் ரோடுகளை எங்களிடம் கொடுத்துவிடுங்கள், சுமை குறையும் என்றது மாநிலம். சுமார் 36,000 மைல் கிராமச் சாலைகள் கைமாறின. வேண்டாம், எங்கள் ரோடு எங்களிடமே இருக்கட்டும் என்று சொன்ன கவுண்டிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் ஆர்லிங்டன், ஹென்ரைக்கோ இரண்டும் இன்றைக்கும் தங்கள் ரோட்டைத் தாங்களே பார்த்துக்கொள்கின்றன. பத்து லட்சம் பேருக்கு மேல் வாழும் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி கூட வாசல் ரோட்டுக்கு மாநில அரசைத்தான் எதிர்பார்க்க வேண்டும்.

இந்த ஹாரி பேர்டு சுவாரஸ்யமான ஆள். ஷெனாண்டோவா பள்ளத்தாக்கில் வின்செஸ்டர் ஊர்க்காரர். 15 வயதில் படிப்பை விட்டுவிட்டு அப்பாவின் பத்திரிகையை எடுத்து நடத்தினார். பத்திரிகை கடனில் மூழ்கிக் கிடந்தது. கடனுக்குக் காகிதம் கொடுக்க மாட்டோம் என்று கம்பெனி சொல்ல, அன்றன்றைக்குக் காசு கொடுத்துக் காகிதம் வாங்கி அச்சடித்தார். கடன் என்றால் அவருக்கு ஆயுள் முழுக்க ஆகாது. 1923-இல் ரோடு போட 5 கோடி டாலர் கடன்பத்திரம் வெளியிடலாமா என்று மாநிலத்தில் வாக்கெடுப்பு நடந்தபோது எதிர்த்து நின்று தோற்கடித்தார். பெட்ரோல் வரியில் வருகிற காசுக்கு எவ்வளவு ரோடு போட முடியுமோ அவ்வளவு போதும் என்பது அவர் கொள்கை. அந்தப் புகழில் 1926-இல் கவர்னரும் ஆனார். (இதே மனிதர்தான் 1956-க்குப் பிறகு, கறுப்பினக் குழந்தைகளை வெள்ளையர் பள்ளியில் சேர்க்கக் கூடாது என்று மாநிலம் முழுக்க எதிர்ப்பைத் திரட்டியவர். பள்ளிகளைப் பூட்டும் அளவுக்குப் போனது அது. கணக்கில் கெட்டிக்காரர் என்பதற்காக இதை மறைக்க முடியாது.)

அரசியலுக்கு வரும் முன்பு அவர் பார்த்த வேலை இன்னும் வேடிக்கை. 1908 முதல் ஒரு சுங்கச்சாலைக் கம்பெனியின் தலைவர். வின்செஸ்டரிலிருந்து ஸ்டான்டன் வரை போகும் பள்ளத்தாக்குச் சாலை அது. 1834-இல் தொடங்கிய கம்பெனி. உள்நாட்டுப் போரில் ஸ்டோன்வால் ஜாக்சனின் படை 1862-இல் அந்தக் கல்பாவிய ரோட்டில்தான் மேலும் கீழுமாக ஓடி வடக்குப் படையைத் திணறடித்தது. 1918-இல் ரோடு மாநிலத்திடம் வந்தது, வசூல் நின்றது. பிறகு அதற்கு யு.எஸ். 11 என்று எண் கொடுத்தார்கள். கார் பெருகப் பெருக அதன் ஓரமெல்லாம் உணவுக்கடை, மோட்டல், பெட்ரோல் பங்க். ஒவ்வொருவரும் தன் கடைக்கு ஒரு பலகை. ஐந்து மைலுக்கு முன்பே ஆரம்பித்து மரத்துக்கு மரம் விளம்பரம்.

அப்புறம் 1956. ஐசனோவர் கையெழுத்தில் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைச் சட்டம். செலவில் 90 விழுக்காடு மத்திய அரசு தரும், பெட்ரோல் வரியிலிருந்து தனி நிதி. பழைய யு.எஸ். 11-க்குப் பக்கத்திலேயே ஐ-81 வந்தது. விர்ஜீனியாவுக்குள் மட்டும் 325 மைல். ஊர்களைத் தொடாமல் வெளியே ஓடுகிற ரோடு. பழைய ரோட்டுக் கடைக்காரர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். வாசலில் ஓடிய ஆறு ஒரு மைல் தள்ளிப் போய்விட்டது.

அந்தச் சட்டத்தில் ஒரு நிபந்தனை உண்டு. இன்டர்ஸ்டேட் எல்லைக்குள் பெட்ரோல் பங்கோ கடையோ வைக்கக்கூடாது. நம் நான்குவழிச் சாலையில் ரோட்டோரமே டீக்கடையும் பங்கும் பார்த்துப் பழகிய நமக்கு விநோதமாக இருக்கும். காரணம் நியாயமானது. மாநிலம் ரோட்டுக்குள்ளேயே ஒரு கடைக்குக் குத்தகை விட்டால் வெளியே ஊர்க்கடைகள் செத்துப்போகும். பயணி இறங்கி ஊருக்குள் போகட்டும், அங்கே செலவழிக்கட்டும்.

சரி, இறங்க வேண்டிய இடம் பயணிக்கு எப்படித் தெரியும்? விளம்பரப் பலகை வைத்தார்கள். மலை தெரியாத அளவுக்கு வைத்தார்கள். பலகைகளைக் கட்டுப்படுத்தும் மாநிலங்களுக்குச் சாலை நிதியில் அரை விழுக்காடு கூடுதலாகத் தருகிறோம் என்று 1958-இல் மத்திய அரசு ஆசை காட்டிப் பார்த்தது. ஏறக்குறைய பாதி மாநிலங்கள்தான் சேர்ந்தன. 1965 அக்டோபர் 22-இல் ஜான்சன் நெடுஞ்சாலை அழகூட்டல் சட்டத்தில் கையெழுத்திட்டார். பின்னால் நின்று தள்ளியவர் அவர் மனைவி லேடி பேர்டு. (ஹாரி பேர்டுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. இவர் பெயர் பறவை.) இந்த முறை ஆசை அல்ல, பிரம்படி. ரோட்டிலிருந்து 660 அடிக்குள் விளம்பரத்தைக் கட்டுப்படுத்தாத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் 10 விழுக்காடு வெட்டு. ஆனால் விளம்பரக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? வணிகப் பகுதி, தொழிற்பகுதிகளில் விலக்கு வாங்கிவிட்டன, அகற்றும் பலகைக்கு இழப்பீடும் எழுதி வாங்கிவிட்டன.

பலகை போனால் மோட்டல்காரர் கதி? அதற்குத்தான் அதே சட்டத்தில், பயணிக்குத் தேவையான குறிப்பான தகவலை அரசே ரோட்டோரம் வைக்கலாம் என்று ஒரு பிரிவு. அதன் பிள்ளைதான் இன்றைக்கு அமெரிக்கா போகிற நம் ஆட்கள் எல்லோரும் பார்க்கிற நீலப் பலகை. ஒவ்வொரு வெளிவழிக்கும் முன்பு வரிசையாக வரும்: முதலில் தங்குமிடம், பிறகு உணவு, வழிக்கு மிக அருகில் பெட்ரோல். ஒரு பலகையில் அதிகபட்சம் 6 கடைகளின் சின்னம். எழுத்தே படிக்க வேண்டாம், சிவப்பு மஞ்சளைப் பார்த்தாலே என் பேரன் பின்சீட்டில் கத்துவான்.

நானும் முதலில் இதை ஏதோ அரசாங்கம் செய்கிற உபகாரம் என்றுதான் நினைத்தேன். இல்லை. சின்னம் வைக்கக் கடைக்காரர் வருடாவருடம் கட்டணம் கட்ட வேண்டும். விதிகளும் உண்டு. மத்திய அரசின் கையேட்டுப்படி உணவகம் என்றால் வாரத்தில் 6 நாளாவது, நாளுக்கு இரண்டு வேளையாவது சாப்பாடு போட வேண்டும். பங்க் என்றால் தினமும் 16 மணி நேரம் திறந்திருக்க வேண்டும். பெரிய சங்கிலிக் கடைக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா? ஞாயிறும் திங்களும் பூட்டிவிட்டுப் போகிற குடும்பக் கடைக்குத்தான் இடம் கிடைக்காது. எந்த ஊர்க்கடை சாகக்கூடாது என்று 1956-இல் நினைத்தார்களோ, அதன் பெயர் நீலப் பலகையில் அபூர்வம். இன்னொன்றையும் கேளுங்கள். 20-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இந்தச் சின்னப் பலகைகளை ஒப்பந்தத்தில் நடத்துவது லாமார் என்ற நிறுவனம். அதன் முக்கியத் தொழில் என்ன தெரியுமா? விளம்பரப் பலகை!

வெர்மாண்ட் மாநிலம் வேறு வழியில் போனது. 1968-இல் விளம்பரப் பலகைகளையே தடை செய்தது. பெரிய கடை சின்னக் கடை எல்லோருக்கும் ஒரே அளவில் அரசாங்கம் வைக்கிற சின்ன வழிகாட்டிப் பலகை. என் ஓட்டு வெர்மாண்டுக்குத்தான்.

மறுபடி விர்ஜீனியா கணக்குக்கு வருகிறேன். ரோடெல்லாம் மாநிலத்துடையது, கடன் ஆகாது, அப்படியானால் பெட்ரோல் வரிதான் கதி. அந்த வரி 1980-களில் கேலனுக்கு 17.5 சென்ட் ஆனது. 2013 வரை அதே 17.5. மத்திய வரியும் 1993-லிருந்து 18.4 சென்டிலேயே நிற்கிறது. தார் விலையும் கூலியும் நிற்குமா? வாஷிங்டனை ஒட்டிய வட பகுதி நெரிசலில் திணறியது. 2002-இல் அங்கே ரோட்டுக்காக விற்பனை வரி கூட்டலாமா என்று வாக்கெடுப்பு வைத்தார்கள், மக்கள் வேண்டாம் என்றார்கள். 2007-இல் வட்டாரச் சாலை ஆணையம் ஒன்றுக்கு வரி போடும் அதிகாரம் கொடுத்தார்கள். 2008 பிப்ரவரியில் மாநில உச்ச நீதிமன்றம், மக்கள் தேர்ந்தெடுக்காத அமைப்பு வரி போடக்கூடாது என்று அடித்துவிட்டது. 2009-இல் காசில்லாமல் 42 ஓய்விடங்களில் கிட்டத்தட்ட பாதியைப் பூட்டினார்கள். லாரி ஓட்டுநர்கள் எங்கே போய்ச் சிறுநீர் கழிப்பார்கள் என்று யோசிக்கவில்லை போலும். அடுத்த ஆண்டு புது கவர்னர் வந்து திறந்தார். ஓய்விடத்தில் கடை வைத்துச் சம்பாதிக்கலாம் என்றால் 1956 சட்டம் குறுக்கே நிற்கிறது, அதைத் தளர்த்தக் கூடாது என்று வெளிவழிக் கடைக்காரர்களும் நிற்கிறார்கள்.

ஐ-81 கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. இருவழி இருவழியாகப் போட்ட ரோட்டில் லாரிக்கூட்டம். ஒரு விபத்து என்றால் மணிக்கணக்கில் நிற்கும். சீர்செய்ய 220 கோடி டாலர் வேண்டும். எங்கிருந்து? சுங்கம் வசூலிக்கலாம் என்றார்கள். லாரிக்காரர்கள் எதிர்த்தார்கள். பள்ளத்தாக்கு ஊர்க்காரர்களும் பலர் எதிர்த்தார்கள்: சுங்கம் வைத்தால் லாரியெல்லாம் பழைய யு.எஸ். 11-க்குள் இறங்கும், எங்கள் கடைத்தெரு வழியாகப் போகும் என்று. கடைசியில் 2019-இல் சுங்கத்தைக் கைவிட்டு, லாரிப் பதிவுக் கட்டணத்தைக் கூட்டி, ஐ-81 ஓடுகிற வட்டாரத்தில் மட்டும் பெட்ரோலின் மொத்த விலையில் 2.1 விழுக்காடு கூடுதல் வரி போட்டார்கள். இளைஞர் பேர்டு சுங்கம் வாங்கிய ரோட்டுக்கு நேர் பக்கத்தில்!

மகளும் மருமகனும் ஒரு சனிக்கிழமை அந்த வழியாக அழைத்துப் போனார்கள். நீலப் பலகையைப் பார்க்காமல் ஒரு வெளிவழியில் இறங்கச் சொன்னேன். "எதுக்குப்பா, பலகையில் நமக்குத் தெரிஞ்ச கடையே ஆறு இருக்கே" என்றாள் மகள். யு.எஸ். 11-இல் ஒரு மைல் போனதும் சின்ன உணவுக்கடை. ஒரு பாட்டியும் அவர் பேத்தியும் நடத்துகிறார்கள். ஆப்பிள் பை சாப்பிட்டோம், அது ஆப்பிள் தேசம். உங்கள் பெயர் ஏன் பலகையில் இல்லை என்று மருமகன் கேட்டார். பாட்டி கையை விரித்து, வாசல் கதவைக் காட்டினார். அதில் மதியம் 2 மணிக்கு மூடப்படும் என்று எழுதியிருந்தது.

குழி விஷயம் கேட்பீர்கள். மருமகன் மாநிலச் சாலைத் துறையில் புகார் பதிந்தார். நான் ஊர் திரும்பிய மூன்றாவது வாரம் மகள் படம் அனுப்பினாள். அடைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே புதிதாக இன்னொன்று.