இருளைப் படமெடுத்தல்

பாரிஸின் தாம்ப்ள் பெருஞ்சாலையை 1838இல் லூயி டகேர் உயரமான ஜன்னலொன்றிலிருந்து படமெடுத்தார். வண்டிகளும் மனிதர்களும் நெருக்கியடிக்கும் சாலை அது. படத்திலோ வெறிச்சோடிக் கிடக்கிறது. தகடு பல நிமிடங்கள் ஒளியை வாங்க வேண்டியிருந்ததால் நகர்ந்தவை எதுவும் பதியவில்லை. காலணிக்கு மெருகேற்றிக்கொள்ள நின்ற ஒருவர் தப்பிப் பதிந்திருக்கிறார். நெடுநேரப் படம் உள்ளதை இல்லாததாக்கும் என்பதற்கு அது பழைய சான்று.

அந்தக் குறையே வானியலாளர்களுக்கு வரமாயிற்று. நம் கண் ஒளியைச் சேமித்துவைப்பதில்லை, தகடு சேமிக்கும். 1880 செப்டம்பர் 30 அன்று ஹென்றி டிரேப்பர் 51 நிமிடங்கள் காத்திருந்து ஓரியன் நெபுலாவைத் தகட்டில் பதித்தார்.

1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லர்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் சிசிடியை உருவாக்கினர். 2009இல் அதற்காக நோபல் பரிசின் பங்கு அவர்களுக்குக் கிடைத்தது. சிலிக்கான் சில்லில் ஒளி பட்டால் எலெக்ட்ரான்கள் விடுபடுகின்றன. அவற்றின் அளவே படமாகிறது. ஆனால் வெப்பமும் எலெக்ட்ரான்களை விடுவிக்கும். ஒளி தந்தது எது, வெப்பம் தந்தது எது என்று சில்லுக்குப் பிரித்தறியத் தெரியாது. நேரம் நீள நீள வெப்பத்தின் கணக்கும் ஏறுகிறது. சில பிக்சல்கள் மற்றவற்றைவிட மிகுதியாகக் கசியும். இரவுப் படத்தில் விண்மீன்களுக்கு நடுவே சிவப்பும் நீலமுமாக மின்னும் புள்ளிகள் அவையே. டகேரின் தகடு இருந்தவர்களை மறைத்தது. டிஜிட்டல் சில்லு இல்லாதவற்றைக் காட்டுகிறது.

வானியலாளர்கள் இதற்கு இரண்டு வழி கண்டனர். ஒன்று, திரவ நைட்ரஜன் போன்றவற்றால் சில்லைக் குளிர்விப்பது. மற்றொன்று, ஷட்டரை மூடியபடி அதே வெப்பநிலையில் அதே அளவு நேரம் இருளையே படமெடுத்து, முதற்படத்திலிருந்து கழிப்பது. நம் கையிலுள்ள காமிராக்களின் நெடுநேர இரைச்சல் குறைப்பு வசதி இந்த இரண்டாம் வழிதான். 30 விநாடிப் படத்துக்குப் பின் காமிரா மேலும் 30 விநாடி நம்மைக் காக்கவைப்பது அதனால்தான்.

சோதிப்பது எளிது. லென்ஸையும் வ்யூஃபைண்டரையும் மூடிவிட்டு, ஒரே ஐஎஸ்ஓவில், வசதியை அணைத்தும் இயக்கியும் இரண்டு நெடுநேரப் படங்கள் எடுத்து, முழு அளவில் ஒப்பிடலாம். அணைத்து எடுத்ததில் தெரியும் நிலையான புள்ளிகள் மற்றதில் பெரும்பாலும் மறைந்திருக்கும். ஆனால் மணல் தூவியது போன்ற இரைச்சல் போகாது. சற்றுக் கூடவும் செய்யும். காரணம், அது ஒவ்வொரு முறையும் வேறாக விழுவது. இருட்படத்துக்கும் அத்தகைய இரைச்சல் உண்டு. கழிக்கும்போது அதுவும் வந்து சேர்கிறது. அதனால்தான் வானியலாளர்கள் ஒரே இருட்படத்தை நம்புவதில்லை. பலவற்றை எடுத்து அவற்றின் சராசரியைக் கழிக்கிறார்கள்.

இது வெறும் அழகுபடுத்தல் அன்று. 1995 டிசம்பரில் ஹபிள் தொலைநோக்கி, ஏறக்குறைய வெறுமையாகத் தோன்றிய சின்னஞ்சிறு வானத்துண்டொன்றை 10 நாட்களில் 342 முறை படமெடுத்தது. அதில் ஏறத்தாழ 3,000 விண்மீன் மண்டலங்கள் தெரிந்தன. அந்த மங்கலான புள்ளிகள் கருவியின் கசிவல்ல, தொலைதூர ஒளிதான் என்று எப்படிச் சொல்ல முடிந்தது? கருவி தன்னிச்சையாகப் பதிக்கும் இருளை முன்பே அளந்து கழித்திருந்ததும் அதற்கொரு காரணம். தன் குறையைத் தனியே அளந்து காட்டும் சாட்சியைத்தான் நாம் நம்புகிறோம்.