இருட்டிலும் தெரியும் முள்

கள்ளக்குறிச்சியில் கடிகாரக் கடை வைத்திருக்கும் என்னிடம் டைம்பீஸ் வாங்க வருகிறவர்கள் அழகைப் பற்றிக் கேட்பது அபூர்வம். "ராத்திரியில லைட்டுப் போடாம மணி தெரியணும்ணே, அதுமாதிரி குடுங்க" என்பார்கள். மும்முனை மின்சாரம் இரவு முறையில் வரும்போது எழுந்துபோய் மோட்டார் போட்டுக் கரும்புக்கு மடை திருப்ப வேண்டியவர் ஒருவர். கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கத்திலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இறங்க வேண்டியவர் இன்னொருவர். கைக்குழந்தைக்கு நடுராத்திரியில் மருந்து கொடுக்க வேண்டிய தாய்மார்களும் வருவார்கள். நாலு பேர் படுத்திருக்கிற ஒற்றை அறை வீட்டில் விளக்கைப் போட்டால் எல்லோர் தூக்கமும் கெடும். இது சின்னத் தேவை என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

கல்வராயன் மலை பெரியவர்கள் இரவில் மணி பார்த்தது வானத்தில்தான். கார்த்திகை மாதத்தில் அறுமீன் கூட்டம் உச்சிக்கு வந்தால் நடுச்சாமம். அதே கூட்டம் ஆடியில் நடுச்சாமம் தாண்டித்தான் கிழக்கே எழும். விடியலுக்கு வெள்ளி, அதற்கும் முன்னால் கோழி. மழைக்காலத்தில் மேகம் மூடிவிட்டால் கோழி ஒன்றுதான் கணக்கு. சாமையும் தினையும் விளைவிக்கச் சாமக் கணக்கு போதும். பேருந்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அது போதாது.

இருட்டில் தானே ஒளிரும் முள் வந்த கதை துயரமானது. 1898-இல் கியூரி தம்பதியர் ரேடியத்தைக் கண்டுபிடித்தார்கள். சில ஆண்டுகளுக்குள் அதைத் துத்தநாக சல்பைடோடு கலந்தால் ஒளிரும் வர்ணம் கிடைக்கும் என்று அமெரிக்காவில் தெரிந்துகொண்டார்கள். ரேடியத்திலிருந்து ஓயாமல் கிளம்பும் கதிர்கள் துத்தநாக சல்பைடில் மோதுவதால் வெளிச்சம் வருகிறது. வெயில் வேண்டாம், விளக்கு வேண்டாம். முதல் உலகப் போரில் பதுங்கு குழியில் கிடந்த சிப்பாய்களுக்கு அந்த வர்ணம் பூசிய கைக்கடிகாரம் பெரிய உதவி. போர் முடிந்ததும் அந்த வர்ணம் படுக்கையறை டைம்பீசுக்கு வந்தது. வெஸ்ட்கிளாக்ஸ் கம்பெனியின் டயல்களுக்கு இல்லினாய் மாநிலத்து ஒட்டாவா ஊரில் 'ரேடியம் டயல்' என்ற கம்பெனி வர்ணம் பூசிக் கொடுத்தது. பூசியவர்கள் இளம்பெண்கள். எண்களை மெல்லிசாக எழுதுவதற்காகத் தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கிக்கொள்ளச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் துளி ரேடியம் வயிற்றுக்குள் போனது. உடம்பு அதைச் சுண்ணாம்புச் சத்து என்று எண்ணி எலும்பில் சேர்த்துவைக்கும். பல் விழுந்தது, தாடை எலும்பு அரித்தது, பலர் இறந்தார்கள். நியூ ஜெர்சியின் ஆரஞ்ச் நகரத்தில் இதே வேலை செய்த பெண்கள் கிரேஸ் ஃப்ரையர் முன்நிற்க வழக்குப் போட்டு 1928-இல் சமரசத் தொகை வாங்கினார்கள். ஒட்டாவாவின் கேத்தரின் டோனஹ்யூ 1938-இல் தன் வழக்கை வென்றார். அதே ஆண்டு இறந்தும் போனார். டயலைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பெண்கள் என் நினைவுக்கு வருகிறார்கள்.

இந்தக் கதையின் ஒரு கிளை நம் மண்ணிலும் இருக்கிறது. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதைக் கவனித்தார். தேடி வந்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் ஆலை வைத்தார். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊர் அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. மோனசைட்டிலிருந்து வரும் தோரியம்தான் பெட்ரோமாக்ஸ் மேண்டிலை வெள்ளையாக ஒளிரவைத்தது. கல்யாணமானாலும் அம்மன் திருவிழாவானாலும் கரண்ட் வராத மலையூர்களில் வெளிச்சம் அந்த மேண்டிலிலிருந்துதான். தோரியத்தைப் பிரித்தபின் மிஞ்சும் கசடிலிருந்து மீசோதோரியம் என்ற இன்னொரு கதிர்ப்பொருள் கிடைக்கும். ஓட்டோ ஹான் 1907-இல் கண்டறிந்தது அது. ரேடியத்தைவிட மலிவு என்பதால் அதையும் கடிகார வர்ணத்தில் கலந்தார்கள். மேண்டிலும் ஒளிரும் முள்ளும் ஒரே மணலிலிருந்து பிறக்க முடியும் என்று படித்த அன்று நான் வெகுநேரம் வேலை செய்யவில்லை.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர், பட்டாளத்துக்காரர் வீடுகளிலிருந்து வரும் பழைய டைம்பீஸ்களில் காய்ந்துபோன வர்ணத்தைப் பிளேடால் சுரண்டி வாயால் ஊதித் தள்ளுவார். அது என்ன பொடி என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அமெரிக்க நீதிமன்றத்தில் தெரிந்தது நம் ஊர்ப் பழுதுபார்ப்பவனின் மேசைக்கு வந்து சேரவே இல்லை. அதில் எனக்கு இன்றும் கோபம் உண்டு. அந்த வர்ணம் சில பத்தாண்டுகளில் பழுப்பாகி ஒளியை இழந்துவிடும், துத்தநாக சல்பைடு சிதைந்துவிடுவதால். ரேடியத்துக்கோ பாதியாகக் குறையவே 1600 ஆண்டு வேண்டும். ஆகவே வெளிச்சம் போன டைம்பீஸிலும் விஷம் அப்படியே இருக்கிறது.

1960-களில் ரேடியத்தைக் கைவிடத் தொடங்கினார்கள். ட்ரிட்டியம் வந்தது; அதன் அரை ஆயுள் 12 ஆண்டுக்குக் கொஞ்சம் மேல். அதன் கதிர் கண்ணாடியைத் தாண்டாது. பிறகு 1993-இல் ஜப்பானின் நெமோட்டோ கம்பெனி ஸ்ட்ரான்சியம் அலுமினேட்டில் யூரோப்பியம் சேர்த்து லூமினோவா என்ற வர்ணத்தைச் செய்தது. கதிரியக்கம் துளியும் கிடையாது. வெளிச்சத்தை வாங்கி வைத்துக்கொண்டு இரவு முழுக்க மெல்ல விடும். நம் ஆட்கள் இன்னும் 'ரேடியம் டைம்பீஸ்' என்றுதான் கேட்கிறார்கள், நானும் எடுத்துக் கொடுக்கிறேன். அதில் ரேடியம் இல்லை என்பதை மட்டும் சொல்லாமல் விடமாட்டேன்.

எதை வாங்குவது? முள் இரண்டிலும் பச்சைப் பூச்சு தடிப்பாக இருக்க வேண்டும். பல மலிவுக் கடிகாரங்களில் முள்ளில் கோடுபோல ஒரு பூச்சு, 12-க்கும் 6-க்கும் ஒரு பொட்டு, அவ்வளவுதான். தூக்கக் கலக்கத்தில் எது பன்னிரண்டு எது ஆறு என்றே தெரியாது. 12-இல் மட்டும் இரண்டு பொட்டோ முக்கோணமோ இருக்கிறதா என்று பாருங்கள். கடையிலேயே செல்போன் டார்ச்சை அரை நிமிடம் டயலில் அடித்து, இரண்டு கையாலும் பொத்திப் பாருங்கள். உடனே பளிச்சென்று தெரிவதை நம்ப வேண்டாம், ரேடியம் கலக்காத வெறும் துத்தநாக சல்பைடு பூச்சும் முதலில் அப்படித்தான் தெரியும். ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி பொத்திப் பாருங்கள். அப்போதும் முள் தெளிவாகத் தெரிந்தால் அது விடியும்வரை தாங்க வாய்ப்பு உண்டு. வீட்டில் டியூப்லைட் வெளிச்சம் நேராக விழும் இடத்தில் வைத்து, படுக்கும்போது தலைமாட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அலமாரிக்குள் வைத்தால் அதற்கு ஒளி கிடைக்காது.

சிவப்பு எண் காட்டும் எல்.இ.டி. கடிகாரமும் நல்லதுதான், இருட்டுக்குப் பழகிய கண்ணைச் சிவப்பு அவ்வளவாகக் கெடுப்பதில்லை. நீல எண் வேண்டாம், தூக்கத்தைக் கலைக்கும். ஆனால் பிளக்கில் மட்டும் ஓடும் மாடலில், கரண்ட் போய் வந்தால் 12:00 என்று சிமிட்டிக்கொண்டிருக்கும். மலைக்கு அதை நான் கொடுப்பதில்லை. பென்சில் பேட்டரியில் ஓடும் முள் கடிகாரத்தைத்தான் கொடுத்து அனுப்புகிறேன்.

தாத்தா காலத்து டைம்பீஸ் வீட்டில் இருந்து, அதன் எண்கள் பழுப்பேறியிருந்தால், அதைப் படுக்கையறையில் வைக்காதீர்கள். ரேடியத்திலிருந்து ரேடான் என்ற வாயுவும் கசியும். கண்ணாடியைக் கழற்றக் கூடாது, சுரண்டக் கூடாது, பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது. என் கடைக்கு அப்படி ஒன்று வந்தால் நான் டயலைத் தொடுவதில்லை. உரியவரிடம் விஷயத்தைச் சொல்லி, மூடியபடியே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.