துணிக்கைகளை விழுங்கும் உபகோள்கள்

கண்டி எசல பெரஹரா முழுமதியை ஒட்டியே நிறைவெய்துகின்றது. அந்நாட்களில் கண்டி வாவிக்கு மேல் ஒளிரும் சந்திரன், சூரியனுக்கு எதிர்ப்புறமாக நீளும் பூமியின் காந்தமண்டல வாலுக்குள் சில நாட்கள் பயணிப்பதை நம்மில் பலர் அறியோம். எனினும் சராசரியாக 384,400 கிலோமீற்றர் தொலைவிலுள்ள நமது சந்திரன், வான் அலன் கதிர்ப்பட்டைகளுக்கு வெகு அப்பால் இருப்பதால், அவற்றில் சிறைப்பட்ட துணிக்கைகளைத் தொடுவதில்லை. வியாழனிலும் சனியிலும் நிலைமை வேறு.

காந்தப்புலத்தில் சிக்கிய இலத்திரனும் புரோத்தனும் காந்தக் கோட்டைச் சுற்றிச் சுழலும். அக்கோட்டின் வழியே வடக்கும் தெற்குமாக ஓடித் திரும்பும். கூடவே கோளையும் வலம் வரும். இவ்வோட்டத்தின் குறுக்கே உபகோள் ஒன்று நின்றால், அதன் தரையில் மோதிய துணிக்கை மீள்வதில்லை. அப்பாதையில் ஒரு பள்ளம் விழுகின்றது.

1973 டிசம்பரில் வியாழனை அணுகிய பயனியர் 10, அயோ போன்ற உபகோள்களின் பாதைகளில் இக்குறைவை அளந்தது. மறு ஆண்டு சென்ற பயனியர் 11, உபகோள் எதுவும் அறியப்படாத ஓரிடத்திலும் குறைவைக் கண்டது. அங்கு உபகோளோ வளையமோ இருக்கலாம் என அகுனாவும் நெஸ்ஸும் 1976இல் எழுதினர். 1979 மார்ச்சில் வொயேஜர் 1 வியாழனின் வளையத்தைப் படம்பிடித்தது. கமராவுக்கு முன்னரே துணிக்கைமானி அதை உணர்ந்துவிட்டது!

வெளிக்கோள்களின் உபகோள்களையும் காந்தமண்டலங்களையும் பற்றி 1974இல் வெளிவந்த முக்கியமான மீளாய்வுக் கட்டுரையை, இயன் அக்ஸ்ஃபோர்டுடன் இணைந்து எழுதியவர் இலங்கையரான அசோக மெண்டிஸ். பேராதனை வளாகத்திலேனும் அவர் பெயரை எத்தனை மாணவர் அறிவர் என்பது ஐயமே.

எல்லா உபகோள்களும் ஒரே அளவில் விழுங்குவதில்லை. வியாழனின் காந்த அச்சு ஏறக்குறைய 10 பாகை சாய்ந்துள்ளமையால், உபகோள் காந்த நடுக்கோட்டுக்கு மேலும் கீழுமாகிறது. நடுக்கோட்டை ஒட்டி அசையும் துணிக்கைகள் பல வேளை தப்புகின்றன. சனியின் காந்த அச்சோ சுழற்சி அச்சுடன் பெரும்பாலும் ஒன்றியுள்ளது. தப்ப வழி குறைவு. ஆகவேதான் ஜானஸ், மைமாஸ் முதலியவற்றின் பாதைகளில் உயர் ஆற்றல் புரோத்தன் பட்டைகள் துண்டுபட்டுக் கிடப்பதை, 2004 முதல் 2017 வரை சனியைச் சுற்றிய கசினி கண்டது. இலத்திரன்கள் அவ்வளவு எளிதில் அகப்படுவதில்லை. குறிப்பிட்ட ஆற்றலுடையவை உபகோளின் வேகத்திலேயே கோளைச் சுற்றுவதால் அதனைச் சந்திப்பதே அரிது.

விழுங்கும் உபகோளும் மாறாமலிருப்பதில்லை. யுரோப்பாவின் பனிப்பரப்பில் மோதும் துணிக்கைகள் நீரைச் சிதைத்து ஒட்சிசனை உண்டாக்குகின்றன. அது அடியிலுள்ள கடலைச் சேருமாயின் அங்கு உயிர் வாழ வழியுண்டா என்பதே ஆய்வாளரின் வினா. 2024 ஒக்டோபர் 14இல் ஏவப்பட்ட யுரோப்பா கிளிப்பர், அந்தக் கதிர்வீச்சுக்கு அஞ்சியே யுரோப்பாவைச் சுற்றாமல், வியாழனைச் சுற்றியவாறு ஏறத்தாழ 50 தடவை அதனைக் கடந்து செல்லவுள்ளது.