திறந்தவெளிச் சுரங்கங்களில் கல்வீழ்ச்சி: படியின் அகலமும் பள்ளத்தின் ஆழமும்

திறந்தவெளிச் சுரங்கத்தின் பக்கச்சுவர் இரண்டு விதமாகக் குலையும். சுவரின் பெரும்பகுதி ஒரே மொத்தமாக நகர்ந்து இறங்குவது சரிவு. தனிக் கல்லோ சில கற்களோ சுவரிலிருந்து பெயர்ந்து விழுவது கல்வீழ்ச்சி. சரிவு அரிதாக நிகழ்வது. பெரும்பாலும் வருமுன் அறிகுறி காட்டும். கல்வீழ்ச்சி அன்றாடம் நிகழ்வது. அறிகுறி எதுவும் இன்றி வரும். இரண்டையும் ஒரே இடராகக் கருதி, சரிவைக் கண்காணிக்கும் கருவிகளே கல்வீழ்ச்சியிலிருந்தும் காக்கும் என்று நம்புவது பிழை. கல்வீழ்ச்சியிலிருந்து ஆட்களைக் காப்பது முதன்மையாகச் சுரங்கத்தின் வடிவம்தான். அந்த வடிவம் முதல் வெடி வைப்பதற்கு முன்பே தீர்மானிக்கப்பட வேண்டும்.

கண்காணிப்பின் வெற்றிக்குப் பெரிய சான்று அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள பிங்காம் கேன்யன் செப்புச் சுரங்கம். 2013 ஏப்ரல் 10 அன்று அங்கே ஏறத்தாழ ஒன்றரை மணி நேர இடைவெளியில் இரண்டு பெருஞ்சரிவுகள் நிகழ்ந்தன. மொத்தம் சுமார் 6.5 கோடி கனமீட்டர் பாறை இறங்கியது, ஒருவருக்கும் காயமில்லை. சுவர் நகரும் வேகம் கூடிவருவதை ரேடார் முதலிய கருவிகள் முன்கூட்டியே காட்டியதால், ஆட்கள் அன்றே வெளியேற்றப்பட்டிருந்தனர். சுவர்ப்பரப்பின் மில்லிமீட்டருக்கும் குறைவான அசைவைக்கூட ரேடார் அளந்துவிடும். ஆனால் தொலைவிலிருந்து பார்க்கும்போது அது சுவரைச் சில மீட்டர் அகலமுள்ள கட்டங்களாகவே காண்கிறது. ஒரு கட்டத்துக்குள் இருக்கும் தலையளவுக் கல் தனியாக அசைந்தால் அது பதிவாகாது. மேலும், அத்தகைய கல் நாள்கணக்கில் மெல்ல நகர்வதுமில்லை. விரிசலில் மழைநீர் புகுந்தோ, வெடியதிர்வினாலோ, வெயிலும் குளிரும் மாறி மாறித் தாக்கியோ பிடிப்புத் தளர்ந்ததும் கல் விழுந்துவிடுகிறது.

விழும் கல்லின் போக்கை முறையாக ஆராய்ந்தவர் வாஷிங்டன் மாநில நெடுஞ்சாலைத் துறையின் நிலவியலாளர் ஆர்தர் ரிட்சி. சாய்தளங்களின் உச்சியிலிருந்து நூற்றுக்கணக்கான கற்களை உருட்டிவிட்டுப் படம்பிடித்த அவர், 1963இல் தம் முடிவுகளை வெளியிட்டார். கல் எப்படி இறங்கும் என்பதைச் சுவரின் கோணமே பெரிதும் தீர்மானிக்கிறது. ஏறத்தாழ 75 பாகைக்கு மேல் நிமிர்ந்த சுவரில் கல் நேராக விழுந்து அடிவாரத்தின் அருகிலேயே தங்குகிறது. அதற்கும் 45 பாகைக்கும் இடைப்பட்ட சாய்வில் மோதி மோதித் துள்ளுகிறது. ஒவ்வொரு மோதலிலும் சுழற்சி ஏறுவதால் அடிவாரத்தைத் தாண்டி நெடுந்தூரம் ஓடுகிறது. நிமிர்ந்த சுவர் ஆபத்தானது, சாய்ந்த சுவர் பாதுகாப்பானது என்ற எண்ணம் தனிக்கல்லைப் பொறுத்தவரை பாதிதான் உண்மை. உறுதியான பாறையில் நேராகவும் வழுவழுப்பாகவும் வெட்டிய சுவர், அரைகுறையாகச் சாய்த்த சுவரைவிட நல்லது. சுவரின் நடுவே துருத்தி நிற்கும் சிறு திட்டுதான் மிகக் கேடானது. கீழ்நோக்கி வரும் கல்லை அது பக்கவாட்டில் தள்ளி, ஆட்கள் நிற்கும் இடம்வரை எறிந்துவிடும். 15 மீட்டர் உயரத்திலிருந்து தடையின்றி விழும் கல் தரையைத் தொடும்போது மணிக்கு 62 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். தலைக்கவசம் அந்த வேகத்தைத் தாங்கச் செய்யப்பட்டதன்று.

ரிட்சியின் ஆய்வை அடியொற்றி, சுவரில் அடுக்கடுக்காக வெட்டப்படும் சுரங்கப் படிகளுக்கென ஒரு சூத்திரம் பின்னர் உருவானது: படியின் உயரத்தை 0.2ஆல் பெருக்கி 4.5 மீட்டரைக் கூட்டினால், விழும் கல்லைப் பிடித்து நிறுத்தத் தேவையான அகலம் கிடைக்கும். 15 மீட்டர் உயரப் படிக்கு 7.5 மீட்டர், 30 மீட்டருக்கு 10.5 மீட்டர். இது தொடக்கக் கணக்கு மட்டுமே. வரைபடத்தில் 7.5 மீட்டர் இருந்த படி, களத்தில் அவ்வாறு இருப்பது அரிது. வெடியின் வேகத்தில் படியின் விளிம்பு இரண்டு மீட்டர் உடைந்தால் எஞ்சுவது 5.5 மீட்டர். அதன் மேல் முன்பு விழுந்த கற்கள் குவிந்துகிடந்தால், புதிதாக விழும் கல்லுக்கு அந்தக் குவியலே சறுக்குமேடையாகிவிடும். பள்ளம் ஆழமாகிப் பாதை துண்டிக்கப்பட்ட பிறகு மேற்படிகளைத் துப்புரவாக்க எக்ஸ்கவேட்டர் ஏற வழியிராது. ஆகவே ஒரு படியின் பாதுகாப்பு அதன் வடிவமைப்பு அகலத்தில் இல்லை. இன்று அளந்தால் கிடைக்கும் வெற்றிடத்தில்தான் இருக்கிறது.

விளிம்பைக் காக்கும் வழி வெடிமுறையில் உள்ளது. இறுதிச் சுவரின் கோட்டில் நெருக்கமாகத் துளையிட்டு, குறைந்த மருந்திட்டு, முதன்மை வெடிக்கு முன்பே வெடித்தால் பாறை அந்தக் கோட்டில் சீராகப் பிளக்கும். பின்னர் வரும் வெடியதிர்வு சுவருக்குள் ஆழமாகப் புகாது. இதற்குத் துளையிடும் செலவு கூடும். அந்தச் செலவைக் குறைப்பவர், சுரங்கம் மூடப்படும்வரை உதிர்ந்துகொண்டிருக்கும் ஒரு சுவரையே விட்டுச்செல்கிறார். ஒவ்வொரு வெடிக்குப் பின்னும், மழைக்குப் பின்னும் தளர்ந்த கற்களை மேலிருந்து தட்டி இறக்கிய பிறகே அடியில் வேலை தொடங்க வேண்டும். மேற்படியில் இயந்திரம் இயங்கும்போது அதற்கு நேர்கீழே எவரும் இருக்கலாகாது. கம்பிவலை, தடுப்புவேலி, பாறையாணி ஆகியவை பாதையோரம் போன்ற குறிப்பிட்ட இடங்களுக்கு உதவுமே தவிர, இல்லாத படிக்கு ஈடாகா.

தமிழ்நாட்டின் கல்குவாரிகளுக்கு இந்த வாதம் நேரடியாகப் பொருந்தும். 1961ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குமுறை விதிகள் படியின் உயரம் 6 மீட்டரைத் தாண்டலாகாது, அகலம் உயரத்துக்குக் குறையலாகாது என்பதை அடிப்படை நெறியாகக் கொண்டவை. பள்ளத்தின் விளிம்பிலிருந்து 3 மீட்டருக்குள் தளர்ந்த கல்லும் மரமும் இருக்கக்கூடாது என்றும் அவை கூறுகின்றன. விதி தெளிவானது. இடர்ப்பாடு நிலத்தின் அளவில் இருக்கிறது. 100 மீட்டர் பக்கமுள்ள ஒரு ஹெக்டேர் சதுர நிலத்தில் இந்த விதிப்படி ஏழு படிகள் இறக்கினால், கடைசிப் படியின் அடி குவாரித் தரையே என்பதால், ஒவ்வொரு பக்கமும் 36 மீட்டர் படிகளுக்கே போய்விடும். 42 மீட்டர் ஆழத்தில் எஞ்சும் தரை 28 மீட்டர் அகலமே. அதே நிலத்தில் 90 மீட்டர் ஆழம் வேண்டுமென்றால் படிகளை விட்டொழிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அத்தகைய பள்ளத்தின் அடியில் நிற்பவருக்கும் உச்சியில் பெயரும் கல்லுக்கும் இடையில் எதுவும் இராது.

2022 மே 14 இரவு திருநெல்வேலி மாவட்டம் அடைமிதிப்பான்குளத்தில், சுமார் 300 அடி ஆழக் கல்குவாரியில் பாறைகள் சரிந்து ஆறு தொழிலாளர்கள் சிக்கினர், நால்வர் உயிரிழந்தனர். மீண்டும் மீண்டும் கற்கள் விழுந்ததால் மீட்புப்பணி தடைப்பட்டுப் பல நாட்கள் நீடித்தது. பள்ளத்துக்குள் இறங்கியவரைக் காக்காத சுவர், அவரை மீட்க இறங்கியவரையும் காக்காது. படியில்லாமல் ஆழ்ந்துவிட்ட குவாரியில் பின்னர் படி வெட்ட வேண்டுமானால் உச்சியில் அகலப்படுத்த நிலம் வேண்டும். பெரும்பாலும் அது பக்கத்துப் பட்டாவாகவோ சாலையாகவோ இருக்கும். எனவே உரிமம் வழங்கும் நாளிலேயே, நிலத்தின் அகலத்தைக் கொண்டு ஆழத்துக்கு வரம்பு கட்ட வேண்டும். அந்த வரம்பை எட்டிய குவாரியில், கல் எவ்வளவு எஞ்சியிருந்தாலும், வேலை நிறுத்தப்பட வேண்டும்.