தத்து, வளர்ப்புப் பெற்றோருக்கான ஆதரவு: சங்கரன்கோவில்

2019 நவம்பர் 22 முதல் சங்கரன்கோவில் தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தது. 2022 செப்டம்பரிலிருந்து தத்தெடுப்பு ஆணையை நீதிமன்றத்துக்குப் பதில் மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார்; இவ்வூர்ப் பெற்றோருக்கு அவர் தென்காசி ஆட்சியர்.

ஆணை கைக்கு வந்ததும் பாடு முடிவதில்லை. பசி, அடி, பிரிவு ஆகியவற்றைக் கண்ட குழந்தை சோற்றைத் தலையணைக்கடியில் ஒளித்துவைக்கலாம், நடுராத்திரியில் அலறலாம், அன்பாக அணைப்பவரையே தள்ளிவிடலாம். இதைப் பிடிவாதம், நன்றிகெட்டதனம் என்று ஊரார் சொல்லும்போது பெற்றோர் ஒடுங்கிப்போகிறார்கள். உண்மையில் அது அச்சத்தின் மொழி. தண்டனை அதைக் கூட்டும். நேரத்துக்குச் சாப்பாடு, மாறாத தூக்கவேளை, உயராத குரல் ஆகியவை மெல்லத் தணிக்கும்.

2022ஆம் ஆண்டுத் தத்தெடுப்பு விதிமுறைகளின்படி, குழந்தை வீடு வந்தபின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இரண்டாண்டுகள் கண்காணிப்பு உண்டு. குழந்தை குடும்பத்தோடு ஒட்டுவதில் சிக்கல் வந்தால் ஆலோசனையும் ஏற்பாடு செய்ய வேண்டும். இந்தக் கண்காணிப்பைச் சோதனையாக எண்ணி உள்ளதை மறைப்பது குழந்தைக்குத்தான் இழப்பு.

தற்காலிகமாக வளர்ப்போருக்கு மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உள்ளது. பணத்தைவிட அவர்களுக்கு அதிகம் தேவைப்படுவது பேச ஓர் ஆள். அதற்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகலாம். குழந்தைகள் உதவி எண் 1098. பெற்றோரின் சொந்த மனச்சோர்வுக்கு டெலி மானஸ் மனநல உதவி எண் 14416.