கொம்பின் கதை – 4: முன்பல்லை உடை!

பொஹீமியாவின் தூன் பிரபு தன் வீரர்களுக்கு இட்ட கட்டளை விசித்திரமானது. ஓடிப்போனவனைப் பிடித்து வர வேண்டும். முடியாவிட்டால் அவன் முன்பற்களையாவது உடைத்துவிட்டு வர வேண்டும்!

ஓடியவன் கொலைகாரனும் அல்ல, திருடனும் அல்ல. கொம்பு ஊதுகிறவன். பெயர் யான் வாட்ஸ்லாவ் ஷ்டிக். 1746-ல் பிரபுவின் பண்ணையடிமையாகப் பிறந்தவன். கொம்பின் ஊதுவாயில் உதடு அழுந்தும்போது பின்னாலிருந்து முட்டுக்கொடுப்பவை முன்பற்கள்தான். அவை போனால் பிழைப்பே போச்சு. பிரபுவுக்கு அது நன்றாகத் தெரியும்.

அவ்வளவு ஆத்திரம் ஏன்? தன் செலவில் ஷ்டிக்கை பிராக், மியூனிக், டிரெஸ்டன் என்று அனுப்பிப் படிக்கவைத்தவர் அவர். டிரெஸ்டனில் வாய்த்த குரு அன்டன் யோசப் ஹாம்பல், அரசவை இசைக்குழுவின் கொம்புக் கலைஞர். அவர் கையில்தான் ஒரு வித்தை இருந்தது.

சென்ற பகுதியில் பார்த்த, பாரிசிலிருந்து வந்திறங்கிய வேட்டைக்கொம்புக்குத் துளையும் கிடையாது, விசையும் கிடையாது. வட்டமாகச் சுருட்டிய பித்தளைக் குழாய், அவ்வளவுதான். உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் எழுப்புகிற சுரங்களே அதன் சொத்து. கீழ்ஸ்தாயியில் ஸட்ஜத்தை விட்டால் அடுத்தது பஞ்சமம். நடுவில் ரி, க, ம எதுவும் இல்லை. சுருதியை மாற்ற வேண்டுமா? ஒரு வளையக் குழாயைக் கழற்றி, வேறு நீளத்தில் இன்னொன்றை மாட்ட வேண்டும்.

1750-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹாம்பல், கொம்பின் விரிந்த வாய்க்குள் கையை நுழைத்து ஊதும் முறையை வகுத்தார். உள்ளங்கை மெல்ல அடைக்க அடைக்கச் சுருதி கீழே இறங்கியது. இல்லாத சுரங்கள் ஒவ்வொன்றாக எட்டிப்பார்த்தன. இந்த வித்தையைத்தான் ஷ்டிக் கற்றுத் தேர்ந்திருந்தான்.

வீரர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். எல்லை தாண்டிய ஷ்டிக், ஜொவான்னி புந்தோ என்று இத்தாலியப் பெயர் சூட்டிக்கொண்டு ஐரோப்பாவையே வளைய வந்தார். 1800 ஏப்ரல் 18 அன்று வியன்னா மேடையில் அவர் கொம்பு வாசிக்க, பியானோவில் அமர்ந்தவர் 29 வயது பேத்தோவன். அவருக்காகவே ஒரு சொனாட்டா எழுதிக்கொண்டு வந்திருந்தார்!

ஆனாலும் ஒரு குறை தீரவில்லை. திறந்த சுரம் கணீரென்று ஒலிக்கும். கையால் அடைத்த சுரமோ ஜலதோஷம் பிடித்த குரல்போல் கம்மும். புந்தோ போன்ற மேதைகள் அந்தப் பேதத்தையே அழகாக்கினார்கள். மற்றவர்கள் திண்டாடினார்கள்.

1803-ல் புந்தோ மறைந்தார். 11 ஆண்டுகள் கழித்து, சைலீசியாவின் பிளெஸ் நகரத்துக் கொம்புக் கலைஞர் ஹைன்ரிக் ஷ்டோல்ட்ஸல், பிரஷ்ய மன்னருக்கு ஒரு கடிதம் எழுதினார். கையை உள்ளே விடாமலே, விரலால் விசையை அழுத்தி எல்லாச் சுரங்களையும் கணீரென்று எழுப்பலாம் என்றார்.

மன்னர் என்ன செய்தார் என்பது இருக்கட்டும். அதே சைலீசியாவில், சுரங்கத் தொழிலாளர் இசைக்குழுவிலிருந்து ஒருவர் கிளம்பினார். பெயர் ஃபிரெட்ரிக் புளூமெல். விசை தன் கண்டுபிடிப்பு என்றார் அவர்!

இருவரில் யார் சொன்னது உண்மை?

(தொடரும்)