சீம்பால் யாருடைய பங்கு?

மாடு கன்று போட்டால் எங்கள் வீட்டில் சீம்பால் உண்டு. கருப்பட்டி போட்டு, ஏலக்காய் தட்டி, ஆவியில் வேகவைத்துத் தருவார்கள். சின்ன வயதில் நானும் சண்டை போட்டுத் தின்றிருக்கிறேன். அது யாருடைய பங்கு என்று அப்போது யோசித்ததில்லை.

நான் பள்ளியில் படித்தபோது ஒருநாள் ராத்திரி மாடு கன்று போட்டது. "நஞ்சுக்கொடி விழாம கன்னை ஊட்ட விடாதீங்க" என்றார் அப்பத்தா. கொடி விழும்போது மறுநாள் மதியம் ஆகிவிட்டது. அதன் பிறகுதான் கன்று பால் குடித்தது. மூன்றாம் நாள் வெள்ளையாகக் கழிய ஆரம்பித்தது. கண் உள்ளே போய், காது சில்லிட்டு, ஆறாம் நாள் செத்துப் போனது. "கண்ணு பட்டுடுச்சு" என்றார்கள். தாமதமாகக் குடித்த பாலை யாரும் நினைக்கவில்லை. அந்தத் தொடர்பை உலகம் கண்டுகொண்ட கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கதை எலியில் தொடங்குகிறது. ஜெர்மனியில் பால் எர்லிக் என்ற விஞ்ஞானி, குன்றிமணியிலும் ஆமணக்கு விதையிலும் உள்ள நஞ்சைச் சிறிது சிறிதாகக் கொடுத்து எலிகளைப் பழக்கினார். பிறகு குட்டிகளைத் தாய் மாற்றி விட்டார். சாதாரண எலிக்குப் பிறந்து, பழகிய எலியிடம் பால் குடித்த குட்டிகளும் நஞ்சைத் தாங்கின! எதிர்ப்புச் சக்தி பால் வழியாகவும் போகும் என்று 1892இல் அவர் எழுதினார்.

அடுத்தது அமெரிக்கா. தியோபால்ட் ஸ்மித், மாடுகளின் டெக்சாஸ் காய்ச்சலை உண்ணி பரப்புகிறது என்று 1893இல் நிறுவியவர். பிற்காலத்தில் பிரின்ஸ்டனில் இருந்த ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில், ரால்ஃப் லிட்டிலுடன் சேர்ந்து ஒரு எளிய சோதனை செய்தார். சில கன்றுகளுக்குச் சீம்பால் கொடுத்தார்கள், சிலவற்றுக்குக் கொடுக்கவில்லை. சீம்பால் கிடைக்காதவற்றில் பெரும்பாலானவை செத்தன. சாதாரணமாகக் குடலில் வாழும் ஈ.கோலை கிருமி அவற்றின் உள்ளுறுப்புகள் வரை பரவியிருந்தது. 1922இல் இந்த முடிவு வெளியானது. தாயின் ரத்தத்தில் இருந்த எதிர்ப்பொருள், சீம்பால் குடித்த பிறகே கன்றின் ரத்தத்தில் தோன்றுகிறது என்று அதே ஆண்டு லிட்டிலும் மேரியன் ஆர்கட்டும் காட்டினார்கள்.

ஏன் அப்படி? மனிதக் குழந்தைக்குக் கருவிலேயே நஞ்சுக்கொடி வழியாக எதிர்ப்பொருள் வந்துவிடுகிறது. மாட்டில் வராது. கன்று வெறுங்கையோடு பிறக்கிறது. சீம்பாலில் உள்ள எதிர்ப்பொருளை அதன் குடல் அப்படியே உறிஞ்சி ரத்தத்தில் சேர்க்கும். ஆனால் அந்த வாசல் நேரம் ஆக ஆக மூடிக்கொண்டே வந்து, ஏறக்குறைய 24 மணி நேரத்தில் அடைபட்டுவிடும். எங்கள் வீட்டில் காத்திருந்தது இந்த நேரத்தில்தான்.

பிறகு கழிச்சலுக்கு வேறு காரணங்களும் தெரிய வந்தன. 1969இல் நெப்ராஸ்காவில் சார்லஸ் மீபஸ் குழுவினர் கழியும் கன்றுகளில் ஒரு வைரஸைக் கண்டார்கள். 1973இல் மெல்போர்னில் ரூத் பிஷப் குழுவினர் குழந்தைகளிடம் கண்ட ரோட்டா வைரஸும் அதே இனம்தான்.

சிகிச்சையிலும் இந்த உறவு தொடர்ந்தது. 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு, சர்க்கரை கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தே ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றினார். சர்க்கரை இருந்தால் குடல் உப்பையும் நீரையும் இழுத்துக்கொள்ளும். கன்றுக்கும் இதே தத்துவம்தான். கழிச்சலில் பெரும்பாலும் உயிரை எடுப்பது உடம்பு வற்றிப் போவதுதான்.

இன்று கால்நடை மருத்துவர்கள் சொல்வது மிக எளிது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வேண்டும். முதல் நாளில் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். தொப்புளுக்கு டிங்சர் அயோடின். கழிந்தால் குளுக்கோஸ் கலந்த உப்பு நீர், உடனே மருத்துவர். கொடி விழும்வரை காத்திருக்கவே வேண்டாம். கன்று ஊட்டுவது கொடி விழவும் உதவும்.

போன முறை மாடு கன்று போட்டபோது இதையெல்லாம் அப்பத்தாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அவரே எழுந்து போய்க் கன்றை மடியில் சேர்த்தார். அந்த முறை எங்களுக்குச் சீம்பால் கொஞ்சம்தான் கிடைத்தது. கன்று இப்போது தொழுவத்தில் துள்ளிக்கொண்டிருக்கிறது.